அழகுன்னு எழுதாதீங்க

இல்ல சார், படம் போட்டுத் தர்ற ஏஐ மெஷின் மேல தப்பே இல்ல. நீங்க எழுதுனத அது அப்படியே செஞ்சிருக்கு. போனக் குடுங்க, பாப்போம். அழகான தமிழ் விவசாயி, வயது அறுபது, புது வீட்டு வாசலில் கம்பீரமாக நிற்கிறார். கம்பீரமான்னு எழுதுனா அது என்ன சார் பண்ணும், பாவம்? தலப்பா கட்டி, மீசைய முறுக்கி, விரல்ல மோதிரமும் மாட்டி அனுப்பிருச்சு. உங்கப்பா வீரையன எனக்குத் தெரியும். ஆயுசு பூரா பண்ணையில வேல பாத்துப் போய்ச் சேந்த மனுசன். இது அவரு மாதிரி இல்ல, அவர வேல வாங்குன ஆளு மாதிரி இருக்கு. கிரகப்பிரவேசத்துல இத மாட்டுனீங்கன்னா வர்ற சனம் பூரா எந்திரிச்சு நின்னுரும்.

சிரிங்க, பரவால்ல. உக்காருங்க.

வேற படமே இல்லையா? ஓட்டு அட்டை மட்டுந்தானா? சரி, குடுங்க. மூக்கு, காது, தாடைக்கு அது போதும். மத்தத நாமதான் எழுதணும்.

இங்கிலீஷா? எனக்கு ஏது சார் இங்கிலீஷு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சவன் நானு. தமிழ்லதான் எழுதுறேன். அந்த மெஷினும் ராத்திரிப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சிச்சோ என்னமோ, புரிஞ்சுக்குது.

மொத விசயம், அழகுன்னு எழுதாதீங்க. கம்பீரம், தெய்வீகம், அதெல்லாமும் வேணாம். அழகுன்னு எழுதுனா முகத்தத் தொடச்சு, தேங்காண்ண விளம்பரத்துல வர்ற ஆளாக்கிரும். பாக்குறவங்க நம்பணும்னா கோணல எழுதணும். உங்கப்பாவுக்கு எந்தத் தோளு எறக்கம்? வலதா? பாத்தீங்களா, தெரிஞ்சிருக்கு. நாத்துக்கட்டு சொமந்த தோளு, எறங்கித்தான் இருக்கும். அத எழுதுங்க. கால் நகம் சேறு ஊறிக் கறுத்திருக்கும், அதையும் எழுதுங்க. துண்டு எங்க? தோள்லயா, தலையிலயா?

கக்கத்துலயா?

ம். பண்ணை வீட்டு வாசல்ல நின்ன பழக்கம். மகன் கட்டுன வீட்டு வாசல்லயாவது தோள்ல போட்டுக்கட்டும்னு உங்களுக்குத் தோணும். போடச் சொல்லி எழுதலாம், போட்டுரும். நெசத்துல அவரு போட்டிருப்பாரான்னு நீங்கதான் சொல்லணும். இப்பவே சொல்ல வேணாம், யோசிச்சுச் சொல்லுங்க.

வெளிச்சத்துக்கு, நல்ல வெளிச்சம்னு மொட்டையா எழுதக் கூடாது. தை மாசம், காலையில எட்டு மணி, எடப்பக்கம் வெயிலு, கண்ணு கூசுது. யாரு எடுத்த படம்னும் எழுதணும். வீட்டு ஆளு ஒருத்தரு சாதா போன்ல அவசரத்துல எடுத்தது, படம் லேசாச் சாஞ்சிருக்கு. சிரிக்கச் சொல்லாதீங்க. படம் எடுக்குறாங்கன்னா உங்கப்பா சிரிக்கிற ஆளில்ல, மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு.

பல்லு? முன்பல்லு ஒண்ணு இல்ல, சரி. எந்தப் பக்கம்?

அவசரமில்ல சார். கண்ண மூடிப் பாருங்க.

வருது, போவுது, இல்ல? அப்படித்தான் இருக்கும். எட்டு மாசமா நானும் ஒரு படம் எழுதிக்கிட்டிருக்கேன். இதே மாதிரி ஒரு எடத்துலதான் நிக்குது. உங்கம்மா இருக்காங்கல்ல? இன்னைக்கே கேட்டுருங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுராதீங்க.

அதுவா? செவுத்துல இருக்குறது என் வீட்டுக்காரி, ஆனந்தவல்லி. அவ போயி பதினஞ்சு வருசம் ஆச்சு. மஞ்சக்காமால, மூணு வாரந்தான். அழகா இருக்காங்கன்னு நீங்களுந்தான் சொல்றீங்க, பாக்குறவங்க எல்லாருஞ் சொல்றாங்க. நெறத்த ரெண்டு படி ஏத்துனது நானு. கண்ணுக்குக் கீழ கருப்ப எடுத்ததும் நானு. அப்ப இந்த ஊருலயே போட்டோ டச்சிங்னா இந்தத் தியாகேசன்தான். அவளுக்குப் புருவத்து மேல ஒரு தழும்பு. சின்னப்புள்ளயில அறுப்புக்குப் போன எடத்துல கருக்கருவா பட்டது. அவ படம் மொத்தம் நாப்பத்தோரு படம் சார், ஒண்ணு விடாம அத அழிச்சு வச்சிருக்கேன். பிரியத்துலதான் அழிச்சேன். ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணிட்டு, கேமரா கார்ட அடுத்த கல்யாண ஆர்டருக்குத் தொடச்சுட்டேன். தொழிலு.

அவ போறப்ப என் பொண்ணு சுடர்விழிக்கு நாலு வயசு. இந்தப் படத்தப் பாத்துத்தான் வளந்துச்சு. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாளு, காலேஜுலேருந்து வந்து கேட்டுச்சு. அம்மாவுக்குப் புருவத்துக்கிட்ட மேடா ஏதோ இருக்கும்லப்பா, நான் வெரலால தடவிக்கிட்டே தூங்குவேன்ல, அதோட ஒரு படம் போட்டுக் குடுப்பான்னு. ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்குறேன், எம்மவளுக்கு இல்லன்னா எப்படி? உக்காந்து எழுத ஆரம்பிச்சேன். புருவத்துக்கு மேலன்னு எழுதிட்டேன். எந்தப் புருவம்? நாலு வயசுல தடவுன புள்ளைக்கா பக்கம் ஞாபகம் இருக்கும்?

மச்சான் எடதுங்கிறான். என் தங்கச்சி வலதுங்கிறா. நானு? தெனமும் அந்தா இருக்கே, அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு தல சீவுவா. நான் பின்னால நின்னு கண்ணாடியிலதான் பாப்பேன். நெனச்சுப் பாத்தா கண்ணாடிக்குள்ள இருக்குறவதான் வர்றா. எடம் வலம் திருப்பிப் போட்டுப் பாத்தா செவுத்துல இருக்குறவ வர்றா, தழும்பே இல்லாம. ஆறு வருசம் கூட இருந்தவன் சார். எடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணுன்னு ரெண்டு போட்டு வச்சிருக்கேன். ரெண்டும் அவதான். ஒண்ணு பொய்யி. எதக் காட்டுறது? இன்னும் முடியலம்மான்னு மவகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்.

இந்தா வர்றேன் சுடரு! கவுண்டர்ல யாரு வந்திருக்கா? பாஸ்போர்ட் சைஸா? ஜாதகத்தோட குடுக்குற படமா? என்னவாம்? கன்னத்து மச்சத்த எடுக்கணுமாமா?

எடுத்துரலாம்னு சொல்லு சுடரு. ஆனா மொதல்ல இருக்குற மாதிரியே ஒண்ணு தனியா சேவ் பண்ணி வச்சிரு. அதுல கை வைக்கக் கூடாது.

வர்றேன் சார். உக்காந்திருங்க. அதுக்குள்ள அம்மாவுக்குப் போன் போட்டு, எந்தப் பக்கப் பல்லுன்னு கேட்டு வைங்க.