ஜன்னல் இடுக்கில் பேப்பர்

தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ் கிளம்பாமல் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் மடியில் பெண் குழந்தையோடு ஒருத்தி, ஜன்னலோரம் அவளைவிட மூத்தவள். குழந்தை மூச்சு இழுப்பது எனக்கே கேட்டது.

"கண்ணாடிய எறக்கிடுக்கா. வெளிக்காத்து இவளுக்கு ஆகாது."

மூத்தவள் இறக்கினாள். பஸ்ஸுக்குள் வெக்கை ஏறியது.

"டாக்டர் சொன்னாரா?"

"தூசு ஆகாதுன்னாரு. பீர்க்கன்கரணை ஏரியாண்ட வூடு, கொசு வேற. சாயங்காலமே கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திட்டு சாம்பிராணி போட்ருவேன், சளி முறியட்டும்னு. படுக்கும்போது கொசுவத்தி."

"எல்லாம் சாத்திட்டா?"

"பின்ன? தொறந்து வச்சா புகை பூரா வெளிய பூடுமே."

"உனக்கு ஒண்ணும் பண்ணலியா?"

"காலைல தலை கனக்கும். ஏரிக்காத்து அப்டி."

"ஆஸ்பத்திரில வச்சிருந்தியே, அங்க எப்டி இருந்தா?"

"அங்க நல்லாத்தான் தூங்கினா. அந்த வார்டுல ஒரு ஜன்னலக்கூட சாத்த மாட்டாங்கக்கா, பயந்துகினே இருந்தேன். வூட்டுக்கு வந்த அன்னிக்கே மறுபடியும் இழுப்பு. எங்கியோ காத்து உள்ள வருதுன்னு ஜன்னல் இடுக்குல எல்லாம் பேப்பர் ஒட்டிட்டேன்."

மூத்தவள் அவளையே பார்த்தாள்.

"மொதல்ல வத்திய நிறுத்துடி. அந்தப் புகைதான் புள்ளைய கொல்லுது."

"நீ வேறக்கா. கொசு கடிச்சு சிக்குன்குனியா வந்தா யாரு பாக்கறது?"

மூத்தவள் கண்ணாடியை மேலே தள்ளினாள். காற்று வந்தது. தாய் அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.