மூன்று நூலகங்களுக்கு ஒரே தேடல்

மூன்று நூலகங்களுக்கும் ஒரே தேடல் என்பது நல்ல யோசனைதான். எல்லாம் நடந்து முடிந்த பிறகும் அதையே சொல்வேன்.

மன்னார்த் தீவில் கல்லூரி நூலகம் என் பொறுப்பு. குருமார் இல்லத்து நூலகத்தை எடித் பார்த்தாள். ஆசிரியர் பயிற்சி நிலையத்து நூலகம் பரமநாதன் சேருடையது. அவர் ஒரு புத்தகத்தை இரவல் கொடுப்பது மகளைக் கட்டிக்கொடுப்பது போல இருக்கும். புத்தக விவரம் எழுதிய அட்டைகள் இருக்கும் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்க்கவே மாட்டார். எல்லாம் மனப்பாடம் என்பார்.

2006 இன் கடைசியில் எங்களுக்குக் கணினிகள் கிடைத்தன. ஒரு சொல்லை அடித்தால் மூன்று இடத்துப் புத்தகங்களும் ஒரே திரையில் வரும் என்றார்கள். கூட்டத்தில் பரமநாதன் சேர் எதிர்த்தார்.

“எல்லாத்தையும் பெட்டி சொன்னா, பிறகு நான் என்னத்துக்கு? கதிரைக்குத் துணையோ?”

“கதிரைக்கும் ஒரு ஆள் வேணும்தானே, சேர்” என்றாள் எடித்.

இருவருக்கும் நான் தலையாட்டினேன். யோசனை தள்ளிப்போனது. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி வசந்தமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

“எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுறியள். ஒருநாளைக்காவது வாயைத் திறந்து மாட்டன் எண்டு சொல்லுங்கோவன்.”

எட்டாம் மாதம் அவளுக்கு வலிப்பு வந்தது. சண்டையால் மதவாச்சி வீதியை இராணுவம் பூட்டியிருந்தது. டாக்குத்தர் அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார். தொலைபேசியும் இல்லை. வார்டில் தாதி மிஸி ஒருவர் மட்டும் நின்றார்.

“ஊசி இருக்குது தம்பி. எவ்வளவு போடுறதெண்டுதான் தெரியேல்ல. நீங்கள் லைப்ரரிதானே, பிள்ளைப்பேற்று வைத்தியப் புத்தகம் ஏதும் கிடந்தா எடுத்துக்கொண்டு ஓடிவாங்கோ.”

என் அட்டைகளில் அப்படி ஒன்று இல்லை. எடித்திடமும் இல்லை. பரமநாதன் சேரிடம் ஓடினேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“அப்பிடியொண்டு என்னட்டை இல்லைத் தம்பி.”

“ஒருக்காப் பாருங்கோவன், சேர்.”

“பார்க்கத் தேவையில்லை. இல்லை.”

பொழுது சாயமுன் வசந்தமலர் போய்விட்டாள். பிள்ளையும்தான்.

செத்தவீட்டுக்கு வந்த பரமநாதன் சேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, அந்தத் தேடுற மெசினைப் போடுவம்” என்றார். மறுவாரமே தன் அட்டைப்பெட்டியைத் தானே சுமந்து வந்து முதலாவதாகக் கொடுத்தார். மனிதருக்கு ஏன் இந்தத் திடீர் ஆர்வம் என்று யோசித்தேன். யோசிக்க எனக்கு நேரம் நிறைய இருந்தது.

எடித்தும் நானும் எல்லாவற்றையும் கணினியில் பதிந்தோம். வசதியான கருவி. ஒருமுறை அடித்ததை அடுத்த புத்தகத்துக்கும் தானே நிரப்பிவைக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நான் திருக்கேதீஸ்வரம் போயிருந்தபோது, என் அலுமாரியில் மிச்சம் கிடந்தவற்றை எடித் தனியாகப் பதிந்து முடித்தாள்.

தேடல் வேலை செய்யத் தொடங்கிய அன்று முதல் சொல்லை நான்தான் அடித்தேன். பிள்ளைப்பேறு. திரையில் ஒரேயொரு புத்தகம் வந்தது. இடம்: ஆசிரியர் பயிற்சி நிலையம்.

நான் சத்தம் போடவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் மறுபடியும் இல்லை என்றுதான் சொல்வார்.

யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டீர்கள். இல்லை. இராணுவ முகாமுக்கு நானாகவே போனேன். இயக்கத்து ஆள் யார் என்று தலையாட்டிக் காட்டிக்கொடுக்கும் இந்த வேலைக்கு வழக்கமாக ஆட்களை இழுத்துத்தான் வரவேண்டியிருக்கும் போல. எனக்குத் தேநீர் தந்தார்கள். அடுத்த சுற்றிவளைப்பில், பள்ளிக்கூட மைதானத்தில், கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டிய சாக்கைத் தலையில் போட்டு என்னை ஒரு கதிரையில் இருத்தினார்கள். ஆண்கள் வரிசையாக என் முன்னால் நடந்தார்கள். என் மாணவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கும் நான் தீங்கு செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரமநாதன் சேர் வந்து நின்றார். வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. சாக்கைப் பார்த்துக் குனிந்தார்.

“ஆரப்பன் உள்ளுக்கு? இந்த வெய்யிலுக்கு வேர்க்கேல்லையோ?”

தலையாட்டினேன். ஒருமுறைதான். அவரை டிரக்கில் ஏற்றினார்கள். அவருடைய மனைவி சிவலட்சுமி அக்கா ஒவ்வொரு முகாமாகப் போய்க் கேட்டார். இரண்டு இடங்களுக்கு நானும் துணைக்குப் போனேன். ஆள் இல்லாத வீட்டுக்கு ஒருவர் உதவத்தானே வேண்டும்.

பிறகு ஒரு மத்தியானம் எடித் என் கணினியில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்துத் தன்பாட்டில் சிரித்தாள்.

“அண்ணை, நான் ஒரு விசரி. உங்கட அலுமாரியில கிடந்ததைப் பதியேக்க இடத்தை மாத்த மறந்துபோனன். எல்லாத்தையும் பரமநாதன் சேருக்குக் குடுத்து வைச்சிருக்கிறன். பாவம் மனுசன், அறிஞ்சிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்.”

“எந்தப் புத்தகங்கள்?” என்று கேட்டேன்.

“கனடாவுக்குப் போன டாக்குத்தர் தந்த பெட்டி. நீங்கள் உடைக்காமலே வைச்சிருந்தியளே, அதுதான்.”

அந்தப் பெட்டி என் மேசைக்குப் பின்னால், அலுமாரியின் கீழ்த்தட்டில் நெடுங்காலமாகக் கிடந்தது. அட்டை எழுத வேண்டும் என்று வசந்தமலர் இருந்தபோதே நினைத்ததுதான்.

எடித் இடத்தை மாற்றினாள். ஒரு கணத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது யார் தேடினாலும் அந்தப் புத்தகம் உடனே கிடைக்கும்.

“மெசினில பிழை இல்லை, என்ன அண்ணை? ஆளிலதான் பிழை” என்றாள் எடித்.

அவளுக்கும் தலையாட்டினேன். பரமநாதன் சேர் மட்டும் அன்றைக்கு ஒருதரம் எழும்பிப் பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திராது.