பதினான்காம் அத்தியாயத்துப் படகோட்டி

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான், ஐயா, காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கினேன். உங்கள் ஏட்டு எழுதினால் பிழை மலிந்துவிடும். எனக்குப் பிழை என்றால் ஆகாது.

நான் டிம்பேஸ்வர் ஹஜாரிகா, மாஜுலி ஆற்றுத்தீவுக்காரன், நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினொரு வருடமாக ஒரு சரித்திர நாவல் எழுதினேன். ஆஹோம் ராஜாக்கள் காலத்துக் கலகத்தில், மணல்திட்டில் மாட்டிக்கொண்ட முப்பத்திரண்டு பேரை மூன்று நடையில் கரை சேர்த்த படகோட்டி ரங்காயின் கதை. ரங்காய் எனக்கு ஏழு தலைமுறைக்கு முந்தைய பாட்டன். அட்டையில் ‘உண்மைக் கதை’ என்று போட வேண்டும் என்பது என் ஆசை.

ஜோர்ஹாட் பதிப்பாளர் கலிதா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “சைகியா படிச்சுட்டுத் தயார்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், மறுநாளே அச்சுக்கு ஏத்திடறேன். சாவன் மாசம் தாண்டிச்சுன்னா அடுத்த வருஷம்தான்.”

பத்மகாந்த சைகியா என் பள்ளித் தோழன். பழைய சுவடி படிக்கத் தெரிந்தவன். தப்பு கண்ட இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவான். முதல் பிரதியில் நூற்றுப் பதினேழு குறிகள். ரங்காயின் மனைவியை உருளைக்கிழங்கு சமைக்க விட்டிருந்தேன்.

“அவ வீட்டுக்கு உருளைக்கிழங்கு வர இன்னும் அறுபது வருஷம் ஆகும்டா. பாவம், காத்திருக்கச் சொல்லு” என்றான்.

நானும் சிரித்தேன். சேப்பங்கிழங்காக மாற்றினேன். அவன் சொன்ன எல்லாவற்றையும் மாற்றினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாவது பிரதியில் ஒரே ஒரு குறிதான் மிச்சம். அது பதினான்காம் அத்தியாயத்தில், ரங்காய் இரண்டாவது நடைக்குத் திரும்பி வரும் இடத்தில்.

சைகியா குளித்துவிட்டு வந்து, சாமி மேடையிலிருந்து சிவப்புத் துணி சுற்றிய சுவடியை எடுத்தான். அவன் குடும்பத்துச் சுவடி அது, மரப்பட்டையில் எழுதியது. எனக்காக ஒரு பக்கத்தை வாசித்தான்.

“உங்க ரங்காய் மொத நடையில மூட்டை முடிச்சை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போனான்டா. திரும்பி வரலை. திட்டு முழுகிடுச்சு.”

“எழுதினவன் பொறாமைக்காரனா இருப்பான்.”

“இருக்கட்டும். நீ பேரை மாத்து, இல்ல அட்டையில இருக்கற ‘உண்மை’யை எடு. இப்பவே எழுதித் தரேன்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் நான் எதற்காகப் பதினொரு வருடம் எழுதினேன்? எட்டாவது பிரதியில் அதே அத்தியாயத்தை இன்னும் அழகாக எழுதிக் கொடுத்தேன். அழகில் மயங்கிக் குறியைப் போடாமல் விடுவான் என்று நம்பினேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படித்துறை வரை நடப்பேன், திரும்புவேன், கதவருகே நிற்பேன், மறுபடியும் கிளம்புவேன். ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போகும். சாவன் முடியப் பன்னிரண்டு நாள், பதினோரு நாள், பத்து நாள். ஒரு மனிதனின் பென்சில் முனையில் என் பாட்டன் தொங்கிக்கொண்டிருந்தார்.

சாவன் இருபத்து மூன்றாம் தேதி விடியலில் அணை உடைந்தது. வெள்ளம் வந்தால் எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்க்கப் படகை எடுப்போம். நான் என் பிரதியைப் பார்க்கப் போனேன். சைகியாவின் வீடு ஆற்றோரம். கரை துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. அவன் மனைவி, மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். முழங்கால் வீக்கத்தோடு அவன் மட்டும் திண்டாடிக்கொண்டிருந்தான்.

“வந்தியாடா டிம்பா! மொதல்ல இதுங்களைப் பிடி, நனைஞ்சிடப் போகுது.”

சுவடியை நீட்டினான். பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றிய என் பிரதியை.

“பதினாலு?” என்று கேட்டேன்.

“அது மட்டும் அப்படியேதான் நிக்குது. ஏறினதும் பேசிக்கலாம், கம்பை எடுத்துட்டு வரேன்.”

அவன் ஊன்றுகோலை எடுக்கத் திரும்பினான். நான் துடுப்பைத் தரையில் ஊன்றித் தள்ளினேன். படகு பத்து முழம் விலகியது.

“டேய், நான் இன்னும் ஏறலை” என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “விளையாடாதடா” என்றான்.

“அடுத்த நடையில வரேன்” என்றேன்.

அவன் நான்கைந்து முறை கூப்பிட்டான். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான், திட்டவில்லை. மதியத்துக்குள் வீடும் கரையும் இருந்த இடத்தில் ஆறு ஓடியது. சுவடியை நடு ஆற்றில் போட்டேன். அது மிதந்தது. எட்டிப் பிடித்து இழுத்து, இரண்டு செங்கல் கட்ட வேண்டியதாயிற்று.

வீட்டில் பதினான்காம் அத்தியாயத்தைத் திறந்து குறியை ரப்பரால் அழித்தேன். வேறு பக்கத்தைப் புரட்டாமலே பிரதியைக் கொண்டுபோய்க் கலிதாவிடம் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை. படித்து முடித்தால் கடைசித் தாளில் எழுதித் தேதி போடுவது அவன் வழக்கம், நான் மறந்துவிட்டேன். கலிதா மறக்கவில்லை. ‘பதினான்கு தவிர அச்சுக்குத் தயார். சாவன் 23, காலை, வீட்டுக்குள் தண்ணீர்’ என்று இருந்ததாம். அன்று காலை அந்த வீட்டுக்கு யாருமே போக முடியவில்லை என்று ஊரே சொல்லியிருந்தது, நானும் சொல்லியிருந்தேன்.

படகில் இடம் இல்லையா என்று கேட்டீர்கள். நான்கு பேருக்கு இடம் இருந்தது. அவனை விட்டுவிட்டு வந்தது நான்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதினான்காம் அத்தியாயத்தில் கை வைக்க வேண்டாம் என்று கலிதாவிடம் சொல்லுங்கள். ரங்காய் திரும்பி வந்தார். வெள்ளத்தில் ஒருவரை விட்டுவிட்டு வருகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.