ஞானஸ்நானம் வாங்காத முனி

ஆர்.எஸ்.மங்கலத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கழுத்தில் சிலுவை, நெற்றியில் திருநீறு. மற்றவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க வேதக்காரகதான?”

“ஆமா, ஊரு அக்காள்மடம். பூட்டன் காலத்துலயே குடும்பமே ஞானஸ்நானம் வாங்கிருச்சு. இங்கன கண்மாய்க்கரையில இருக்க எங்க முனிதான் வாங்கல.”

சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இன்னும் எதுக்கு முனிகிட்ட வாரீக? ஃபாதர் வைய மாட்டாரா?”

“வைவாரு. மீன்பிடிக்கப் போன எம்மகன், கடல்ல போட்டு கவுந்து போயிட்டான். உடம்பு கெடைக்கல. ஃபாதர், செத்தவுகளுக்கு வைக்கிற பூசைய வச்சிருவோம், மனசத் தேத்திக்கங்கங்குறாரு. முனி கோயில் கோடாங்கி உடுக்கடிச்சு, உசுரோட இருக்கான், வந்துருவான்னு குறி சொல்றாரு. நீங்களா இருந்தா எங்க போவீக?”

மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “முனி வாக்கு பொய்க்காது தாயி. வந்துருவான்.”

வெகுநேரம் கழித்துப் பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியது. சிலுவை போட்டவள் கடலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எங்க மாமனாரு கடலோட போனப்பவும், வந்துருவாருன்னுதான் குறி சொன்னாக. மாமியா சாகுற வரைக்கும் முனிகிட்ட வந்து கேட்டுக்கிட்டே இருந்தாக. இப்ப நான் வாரேன்.”