மாலையில் போகவேண்டிய மெயில்

நினைவூட்டும் மெயிலில் முதலில் போடவேண்டியது பிராணியின் பெயர். வளர்ப்பவர் பெயரைப் போட்டால் ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள். 'பட்டுவுக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்துவிட்டது' என்று எழுதிப் பாருங்கள், கைவேலையைப் போட்டுவிட்டுத் திறப்பார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்து நானாகவே தெரிந்துகொண்டது.

நீங்கள் நினைப்பதுபோல் நான் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மிருக வைத்தியர். உள்ளே அவர் பார்ப்பார், வெளியே நான் பார்த்துக்கொள்வேன். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மாளாமல்தான், நாள் வந்தால் மெயில் தானாகப் போகும்படி கம்ப்யூட்டரில் அமைத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. ஒரு நாயின் இடது காதைச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடியும் அதே காதைச் செய்தார். நாய்க்குச் சொந்தக்காரர் அதைக் கூட்டிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. இப்படியே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். காத்திருக்கும் அறையில் காலி நாற்காலிகள்தான் மிச்சம்.

"இன்னிக்கும் யாரும் வரலியாம்மா?" என்று கேட்பார்.

"வருவாங்க. இப்பத்தானே கதவைத் திறந்தோம்" என்பேன்.

துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டைத் தொடமாட்டார். ஒருநாள் மதியம் கூண்டுகளுக்குப் பின்னால், கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதுகொண்டிருந்தார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். நான் செய்ததைச் சொல்கிறேன்.

வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்தேன். ஏன், எதற்கு என்று கேட்பவர்களுக்கு மெயில் போவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுகிறவர்களுக்கு அடிக்கடி போகும்படி மாற்றினேன். 'பல் சுத்தம் செய்யும் நாள் வந்துவிட்டது.' பல்லில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்கு மயக்க ஊசி போட்டுப் படுக்கவைக்க வேண்டும், பொறுமையாகச் சுரண்ட வேண்டும். அவருக்குப் பிடித்த வேலை. அறை மறுபடி நிறைந்தது. அவரும் சாப்பிட ஆரம்பித்தார், தனக்குள் ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

முதலில் போனது பேக்கரிக்காரரின் பூனை. மயக்கத்திலிருந்து எழவில்லை. அவர் கோபப்படவில்லை. "நீங்க பாத்தும் போயிடுச்சுன்னா யாரைக் குறை சொல்றது டாக்டர்" என்று இவருக்கே ஆறுதல் சொன்னார். துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு அவர் வாசலைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார், என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டே "அடுத்தது யாரும்மா?" என்றார். முகத்தில் துளி வருத்தமில்லை. மறதி அவரிடம் அவ்வளவு இரக்கமாக நடந்துகொண்டது. வருத்தப்பட நான் ஒருத்திதான் இருந்தேன்.

பேக்கரிக்காரருக்கு இரங்கல் மெயிலை நானே உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுதக் கண்ணீர் மறைத்தது. இரண்டாவது பிராணி போனபோதும் அப்படித்தான். என்னால் முடியவில்லை, அதனால் பொதுவாக ஒன்றை எழுதி வைத்துக்கொண்டேன். பல் சுத்தம் செய்ய யார் வந்தாலும் அன்று மாலையே அது போகும்படி கம்ப்யூட்டரில் சேர்த்தும் விட்டேன். பிராணி நல்லபடியாக எழுந்துவிட்டால் மெயிலை ரத்துசெய்துவிடுவேன். பெரும்பாலும் ரத்துதான் செய்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தையல்காரி வந்த அன்று, அந்த மெயில் போகும் நேரத்தை மாலை என்பதற்குப் பதில் காலை என்று குறித்துவிட்டேன். கவனப்பிசகு.

அவளுடைய நாய்க்குப் பொத்தான் என்று பெயர். அவள் மடியில் உட்கார்ந்து என் மேஜை விளிம்பை முகர்ந்துகொண்டிருந்தான். அவள் போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதப் பாருங்களேன். பொத்தான் நிம்மதியாக் கண்ண மூடிட்டான்னு வந்திருக்கு."

"கம்ப்யூட்டர் கோளாறும்மா. வேற யாருக்கோ போகவேண்டியது."

"இவன் பேருதானே போட்டிருக்கு?"

"பேரு தானா வந்து விழுந்துடும்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். "சரி விடுங்க. ஆயுசு கெட்டிதான் இவனுக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா, ஆள் வந்தாச்சா?" விளையாட ஆள் கிடைத்த பிள்ளையின் குரல். நாளைக்கு வாருங்கள் என்று அவளை அனுப்பியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. பொத்தானை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டேன். என் மணிக்கட்டை நக்கினான்.

ஊசி போட்டார். அவன் தூங்கினான். சுரண்டிக்கொண்டிருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ பார்த்தார். மறுபடி மேஜைக்குத் திரும்பியபோது, "மயக்க ஊசி எங்கம்மா?" என்றார்.

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியாது. மறதி வந்த புதிதில் ஒரு முயலுக்கு ஊசி போட்டுவிட்டு இப்படித்தான் கேட்டார். "போட்டாச்சுங்க" என்றேன். முயல் பிழைத்தது. அவர் தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பல நாள் கட்டிலைவிட்டு இறங்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால் அடுத்த தடவையிலிருந்து ஊசி எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். பேக்கரிக்காரரின் பூனைக்கு இரண்டாவது ஊசியை எடுத்துக் கொடுத்தது நான்தான். பிறகு போனவற்றுக்கும் நான்தான். பொத்தானுக்கும் மருந்தை ஏற்றி அவர் கையில் வைத்தேன். அவர் "நல்ல பையன்" என்று அவன் தலையைத் தடவிக்கொண்டே போட்டார்.

தையல்காரி கத்தவில்லை. நாயை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்துப் பார்த்தாள்.

"மெயில் முதல்ல வந்துச்சு. அப்புறம்தானே அக்கா இவன உள்ள கொண்டுபோனீங்க?"

நான் கேள்வி கேட்காதவர்கள் பக்கத்தில் வைத்திருந்த பெண் அவள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். வந்தது நியாயம்தான்.

அவருக்கு இதெல்லாம் தெரியாது. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது, அவரை விட்டுவிடுங்கள். எவ்வளவு தண்டனை என்றாலும் எனக்குச் சம்மதம். ஒரே கவலை, நான் இல்லாவிட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டு பட்டினியாக உட்கார்ந்திருப்பார். உங்களில் யாராவது வீட்டில் நாயோ பூனையோ வளர்த்தால், எப்போதாவது அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிராணிகளிடம் அவர் கை அவ்வளவு மென்மை. ஒரே ஒரு ஊசி போட்டாலும் போதும், அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவார்.