நாலு ஜோடி ஷூவும் ஒரு முன் ரூமும்

காலைல அஞ்சு பத்துன்னு எழுதுங்க மேடம். வீட்ல இருக்க வேண்டிய ஷூ நாலு ஜோடி, ஸ்டாண்டுல இருந்தது மூணு. பேரு கொட்டாவி. ...ஐயையோ, அது என் பேரு இல்லீங்க! அது என் மச்சான். வீட்டுக்காரியோட தம்பி. நிஜப் பேரு வேற ஒண்ணு இருக்கு, நான் கூப்பிட்டுப் பல வருஷம் ஆச்சு, சட்டுனு வரல. வாயத் தொறந்தா கொட்டாவிதான் வரும், அதனால கொட்டாவி. என் பேருக்கு 'டிரைவிங் மாஸ்டர்'னு போடுங்க, போதும். ரெண்டு தெரு தள்ளி இருக்கே டிரைவிங் ஸ்கூல், மஞ்சக் கார், இடது கதவு நெளிஞ்சிருக்கும்... அது நான் நெளிச்சது இல்ல, ஸ்டூடண்ட்.

திருட்டா? சேச்சே. திருட்டுன்னா நான் போலீஸ்ல இருப்பேன், உங்க கடைக்கு எதுக்கு வர்றேன்? இது ஷூ மேல புகார். புகார் கவுண்டர்தானே இது? பின்னால இருக்கற சார், கொஞ்சம் பொறுங்க, என் டோக்கன் பதினேழு, நான் முக்கா மணி நேரமா உக்காந்திருக்கேன். இந்தப் பெட்டியக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கறேன். நாலையும் கொண்டாந்திருக்கேன், ஆமா. வாசனை வருதா? அதுதான் மேடம் விஷயமே! அது என் வாசனை இல்ல.

மொதல்லேருந்து சொல்றேன். நவம்பர் மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை. நான் முன் ரூம்ல... எங்க வீட்ல முன் ரூம்னா ரெண்டு ஜன்னல், தெருக் காத்து, டிவி, என் சாய்வு நாற்காலி. அந்த நாற்காலில நான் உக்காந்து உக்காந்து எனக்குன்னு ஒரு பள்ளமே விழுந்திருக்கு. அன்னிக்கு அந்தப் பள்ளத்துல யாரு? கொட்டாவி! வேலை கெடைக்கற வரைக்கும்னு வந்தவன், மூணு வருஷம் ஆச்சு. பின்னால வாஷிங் மெஷின் பக்கத்துல கட்டில் போட்டுக் குடுத்திருக்கேன். அது துணி பிழியும்போது கட்டிலும் சேர்ந்து நடுங்கும். அதுலயும் தூங்குவான், அப்படியொரு ஜென்மம்.

பேப்பர்ல விளம்பரம், பத்து கிலோமீட்டர் ஓட்டம், யாரு வேணா ஓடலாம். வீட்டுக்காரி சொல்றா, "ரெண்டு பேரும் போய் ஓடுங்களேன், உங்களுக்கு தொப்பை குறையும், அவனுக்கு தூக்கம் குறையும்"னு. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. "உன் தம்பியா? காஸ் சிலிண்டர் வந்தா கதவு வரைக்கும் வரமாட்டான். அவன் என்னை முந்தட்டும், இந்த முன் ரூமே அவனுக்கு, நான் வாஷிங் மெஷின் பக்கத்துல படுத்துக்கறேன். நான் முந்தினா அவன் தனியா வீடு பாத்துப் போகட்டும்"னேன். வாய் மேடம், வாய். அவ என்ன பண்ணினா? காலண்டர எடுத்துட்டு வந்து மார்ச் பதினஞ்சுல வட்டம் போட்டு ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா. கொட்டாவி கையெழுத்துப் போட்டுட்டு திரும்பத் தூங்கிட்டான்.

மறுநாளே உங்க கடைக்கு வந்தேன். கண்ணாடி போட்ட ஒருத்தர், மீசை... அதோ அவர்தான்! அதோ, தூணுக்குப் பின்னால போறாரு பாருங்க. நான் ஒரு ஜோடி ஷூ கேட்டேன். அவரு கேக்கறாரு, "எந்த ஓட்டத்துக்கு சார்?"னு. ஓட்டத்துல என்னங்க எந்த ஓட்டம்? கால முன்னால வைக்கறது, அவ்ளோதானே? இல்லியாம். தினமும் மெதுவா ஓடறதுக்கு ஒண்ணாம், அடில மெத்தை மாதிரி தடியா இருக்கு, முழங்காலுக்கு நல்லதாம். கொஞ்ச தூரம் விட்டு விட்டு வேகமா ஓடிப் பழகற நாளுக்கு வேற ஒண்ணாம், கைல எடுத்தா எடையே தெரியல, உள்ள ஷூ இருக்கான்னு பெட்டியத் தொறந்து பாத்தேன். மண்ணு, கல்லு, மேடு ஏறறதுக்கு இன்னொண்ணு, அடியெல்லாம் பல்லு. பந்தயத்தன்னிக்கு மட்டும் போட நாலாவது. அதுக்குள்ள வில்லு மாதிரி ஒரு தகடு. "இதப் போட்டா ஷூவே உங்களத் தள்ளிட்டுப் போகும் சார்"னாரு. இந்த வாக்கியத்த அடிக்கோடு போட்டு எழுதிக்கோங்க மேடம். இதுக்குத்தான் நான் வந்திருக்கேன்.

எனக்கு அவரு சொன்னது டக்குனு புரிஞ்சிருச்சு. ஏன்னா நான் டயர்ல ஊறினவன். மழைக்கு ஒரு டயர், மண்ணுக்கு ஒரு டயர். நாலையும் கட்டச் சொன்னேன். கிளம்பும்போது அவரு ஒண்ணு சொன்னாரு, "சார், எதையும் புதுசா நேரா பந்தயத்துக்குப் போடாதீங்க. கொஞ்ச நாள் ஓடிப் பழக்குங்க. மெத்தை ஷூல மெதுவா, லேசு ஷூல வேகமா, பல்லு ஷூல மேட்டுல. ஒண்ண மாத்தி ஒண்ணு போடுங்க"ன்னு.

நியாயமான பேச்சு. புது வண்டி எடுத்தா மொத ஆயிரம் கிலோமீட்டர் பக்குவமா ஓட்டிப் பழக்கறதில்லையா? ஆனா மேடம், அத ஓனரேதான் ஓட்டணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? நான் இருபத்தாறு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து வேலை பாக்கறவன். ஓட்டறது அவங்க, சொல்றது நான். அது ரத்தத்துல ஊறிப்போச்சு. நான் மட்டும் பழகாத ஷூவ மாட்டி, காலு வெந்து, முட்டி பெயர்ந்து போச்சுன்னா மார்ச் பதினஞ்சு யாரு ஓடறது? கால சேமிக்கணும்ல?

...சொல்றேன், சொல்றேன். மணியப் பாக்காதீங்க.

யோசிச்சேன். எட்டாம் நம்பர் காலு வேணும். சும்மா இருக்கற காலா இருக்கணும். வீட்டுக்குள்ளயே இருந்தா இன்னும் நல்லது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவனுக்கும் எட்டுதான்! நான் என்ன பண்ணட்டும்? "டேய் மாப்ள, சும்மா கெடக்கறதுக்கு என் ஷூவக் கொஞ்சம் பழக்கிக் குடு"ன்னேன். "சரி மாமா"ன்னான். கொட்டாவி விட்டுக்கிட்டேதான் சொன்னான். அட்டைல அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். திங்கள், புதன் மெத்தை ஷூ, மெதுவா, ஏழு கிலோமீட்டர். செவ்வாய் லேசு ஷூ, விட்டு விட்டு வேகம். வெள்ளி பல்லு ஷூ, தண்ணித் தொட்டி மேடு. சனி தகடு ஷூ, கொஞ்ச தூரம், ஆனா விடக் கூடாது. ஷூ கெடக் கூடாதுன்னு ஒழுங்கா சாப்பிடச் சொன்னேன், ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னேன். சோம்பினான்னா நான்தான் போர்வைய உருவுவேன். "எந்திரி, ஷூ என்ன ஆகறது?"னு கேட்டுட்டு, அவன வாசல்ல விட்டுட்டு வந்து படுத்துருவேன். மூணு மாசம்! ஒரு நாள் விடல நான்.

நானா? நான் ஏன் பயிற்சி எடுக்கல, எடுத்தேனே. நவம்பர் கடைசில ஒரு நாள் தெருமுனை வரைக்கும் போனேன். விலாவுல பிடிச்சுக்கிச்சு. செருப்புலதான் போனேன், ஷூ எதுக்கு வீணாகணும்?

இப்ப இன்னிக்குக் காலைக்கு வாங்க. அஞ்சு பத்து. ஸ்டாண்டுல தகடு ஷூவக் காணோம். சரி, சனிக்கிழமைதானே, பழக்கறான்னு நானும் நெனச்சேன். அஞ்சரைக்கு எனக்கு ஒரு ஸ்டூடண்ட், ரிடயர்டு டீச்சரம்மா. தண்ணித் தொட்டி ரோட்ல வண்டி ஓட்டறாங்க. நான் பக்கத்துல. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கம்மா, மாட்டு வண்டி கூட முந்திரும்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன். ஸ்பீடாமீட்டர் முள்ளு பத்துல நிக்குது. பின்னால டக் டக் டக் டக்னு ஒரு சத்தம். கண்ணாடில பாத்தா ஒருத்தன் வர்றான். நேரா நிமிர்ந்து, மூச்சு ஒரே சீரா, கை கூட ஆடல. ஓரமா வந்தான், கை காட்டினான், எங்களத் தாண்டிப் போயிட்டான்!

டீச்சரம்மா சொல்றாங்க, "மாஸ்டர், நல்ல பையன், சிக்னல் குடுத்துட்டு முந்தறாரு பாருங்க"ன்னு. அழுத்துங்க, அழுத்துங்கன்னு கையக் காட்டினேன். பாவம் அந்தம்மா பயந்து அழுத்தினாங்க. முள்ளு பன்னண்டு. அப்பதான் மேடம் பக்கத்துல வந்தோம், பன்னண்டுல! ஜன்னல எறக்கிப் பாக்கறேன். கொட்டாவி! "குட் மார்னிங் மாமா"ங்கறான். ஓடிக்கிட்டே! மூச்சு வாங்காம!

கணக்குப் போட்டேன். மணிக்குப் பன்னண்டுன்னா பத்து கிலோமீட்டர் அம்பது நிமிஷம். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜப் பாத்தா, என் அட்டவணைக்குக் கீழ வீட்டுக்காரி பென்சில்ல, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவன் பத்து கிலோமீட்டர் ஓடின நிமிஷத்தக் குறிச்சிருக்கா. எழுபத்தொம்பது, எழுபத்தொண்ணு, அறுபத்தி மூணு, அம்பத்தஞ்சு... நான் மூணு மாசமா அந்தக் கதவத் தொறந்து தண்ணி குடிக்கறேன், கண்ணுல படல. "ஏன்டி சொல்லல?"ன்னா, "நீங்கதானே அவனப் பழக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"ங்கறா. அதுக்கு மேல ஒண்ணு செஞ்சா பாருங்க. டேப்ப எடுத்துட்டு வந்து முன் ரூம்ல கட்டிலுக்கு அளவு எடுக்கறா!

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. காசு வேண்டாம். மாத்தியும் தர வேண்டாம். ஒரு லெட்டர். கடை சீல் வச்சு. 'எங்கள் ஷூவே ஆளைத் தள்ளிக்கொண்டு போகும் தன்மை உடையது. எனவே ஓடியது ஷூதான், மச்சான் அல்ல' அப்படின்னு ரெண்டு வரி. அத வீட்ல காட்டி பந்தயத்த ரத்து பண்ணிருவேன். உங்க மீசைக்காரர் சொன்னதுதானே? கூப்பிடுங்க அவர... ஏன், தூணுக்குப் பின்னாலேருந்து வரவே மாட்டேங்கறாரு?

சிரிக்காதீங்க மேடம். முடியாதா? சீல் இல்லாம? ...என்ன? அதே ஷூவ நான் போட்டாலும் தள்ளணும்ல, அப்படியா கேக்கறீங்க?

ம்... அது வந்து...

இன்னிக்குச் சாயங்காலம், இங்க கிளம்பறதுக்கு முன்னால போட்டுப் பாத்தேன். நாலையும். நல்லாத்தான் பழகியிருக்கு, பஞ்சு மாதிரி இருக்கு. நிக்கறதுக்கு ரொம்ப சுகம். தள்ளல.

சரி விடுங்க. தப்பு யாரு மேல? போர்வைய உருவினது நான், அட்டவணை போட்டது நான். மூணு மாசம் சரியாச் சொல்லிக் குடுத்திருக்கேன் மேடம், அத மட்டும் ஒத்துக்கணும். என் ஸ்டூடண்ட் எவனும் இவ்ளோ சீக்கிரம் தேறினதில்ல.

இன்னும் மூணு வாரம் இருக்கு. ஒண்ணு கேக்கறேன். அந்தக் கண்ணாடிப் பெட்டில செவப்பா ஒரு ஜோடி இருக்கே, அது எந்த ஓட்டத்துக்கு? இருக்கறதுலயே வேகமா? எட்டாம் நம்பர் இருக்கா? கட்டுங்க, கட்டுங்க. ...என்ன, இதையும் பழக்கணுமா?

அது ஒரு கவலையும் இல்ல மேடம். வீட்ல ஆள் இருக்கான்.

மார்ச் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில், சிவப்பு ஷூ அணிந்து ஓடிய மச்சான் நாற்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தார். டிரைவிங் மாஸ்டர் ஒரு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை சாய்வு நாற்காலி வாஷிங் மெஷின் பக்கத்துக்கு மாற்றப்பட்டது.