மூன்று மணிச் சாயரட்சை

கஞ்சிக்கோட்டில் ரயில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் மாப்பிள்ளையின் அப்பா, மற்றவர் பெண்ணின் அப்பா என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏனுங்க, சாயரட்சைக்குப் பொண்ணு பார்க்க வரச் சொல்லிப்போட்டு, பலகாரத்தையெல்லாம் நீங்களே தின்னுப்போட்டீங்களே?"

பலகாரம் என்றதும் நான் தூங்கும் எண்ணத்தை விட்டேன்.

"எங்கூர்ல சாயரட்சை மூணு மணிக்குங்க. நீங்க விளக்கு வெச்சப்புறம் வந்தீங்க."

"சாயங்காலப் பூசை மூணு மணிக்குங்களா?"

"பூசாரிக்கு மூணு கோயிலுங்க. எங்க சாமிதான் மொதல்ல."

"அப்ப அர்த்தசாமப் பூசை?"

"விளக்கு வெக்கறப்பங்க. நீங்க வந்தப்ப சாமியே தூங்கிட்டாருங்க."

மாப்பிள்ளையின் அப்பா விரல்விட்டு மணிக்கணக்குப் போட்டார்.

"தாலி கட்டறது விடியக்காலப் பூசைக்குன்னீங்களே, அது எப்பங்க?"

"அதுக்கு முந்தின நாளே வந்துருங்க."